வெறும் வயிறும் ஒரு டீத்தண்ணியும்: பயன்பாட்டு மொழியியலை நாமே செய்து பார்ப்பது எப்படி

மதுரையில் ஏதாவது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். சர்க்கரை பார்க்க வந்தவர்கள் பெஞ்சில் வரிசையாக இருப்பார்கள். சுவரில் "வெறும் வயிற்றில் வரவும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நான் பார்த்த அன்று ஊசியைப் பிரித்துக்கொண்டே ரத்தம் எடுக்கிற பெண் ஒரு பாட்டியிடம் கேட்டார்:

"அப்பத்தா, வெறும் வயித்துலதான வந்திருக்கீங்க?"

"ஆமாத்தா, ஒண்ணும் சாப்பிடல."

"டீ, காபி?"

"டீத்தண்ணி குடிக்காம எப்படித்தா எந்திரிச்சு வர முடியும்? அதோட ரெண்டு பிஸ்கோத்து. அம்புட்டுத்தேன்."

ஊசி திரும்பக் கவருக்குள் போனது. அப்பத்தா நாளைக்கு வரவேண்டும், திருமங்கலத்திலிருந்து திரும்பவும் பஸ் ஏறி.

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விஷயம். அவர் பேச்சில் ‘சாப்பிடுவது’ என்றால் சோறு, இல்லாவிட்டால் இட்லி தோசை. டீ குடிக்கிற கணக்கு, பிஸ்கட் டீயோடு போகிற கணக்கு. பரிசோதனைக்கோ எட்டு மணி நேரமாவது தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது. சுவரில் எழுதியவருக்கு ஒரு அர்த்தம், படித்தவருக்கு ஒரு அர்த்தம், இரண்டுமே நல்ல தமிழ். இந்த மாதிரி இடறும் இடத்தைக் கண்டுபிடித்து, ஏன் இடறுகிறது என்று மொழியை வைத்தே பார்த்து, சரிசெய்து, சரியானதா என்று மறுபடி போய்ப் பார்ப்பதற்குப் பெயர்தான் பயன்பாட்டு மொழியியல்.

நான் மொழியியலில் எம்.ஏ. படித்தவன். "எத்தனை பாஷை தெரியும்?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. இரண்டுதான் தெரியும், அதில் ஒன்று சுமார். மொழியியலுக்கு நிறைய மொழி தெரிய வேண்டியதில்லை, தெரிந்த மொழியைக் கூர்ந்து கேட்கத் தெரிந்தால் போதும். பிறர் இலக்கணப் பிழையைப் பிடித்துத் திருத்துகிற வேலையும் இது இல்லை, அந்தப் பழக்கம் இருந்தால் முதலில் அதை விட்டுவிடுங்கள்.

தனித் துறையாக இது இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் நிலைபெற்றது. பெரும்பாலும் அயல்மொழி கற்பிப்பதை ஒட்டித்தான். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு பள்ளி 1957இல் வந்தது, உலக அளவிலான சங்கம் 1964இல் பிரான்சின் நான்சி நகரத்தில் தொடங்கியது. வரலாறு அவ்வளவு போதும், வேலைக்கு வருவோம்.

சின்னப் பிரச்சினையாக எடுங்கள்

"இளைஞர்களிடம் தமிழ் கெட்டுப்போகிறது" என்பது பிரச்சினை இல்லை, புலம்பல். "எங்கள் கடையில் போனில் ஆர்டர் எடுக்கும்போது விலாசம் தப்பாகப் போகிறது", "எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும்போது ஒரே இடத்தில் தவறுகிறார்கள்", "வெறும் வயிற்றில் வரச் சொன்னால் டீ குடித்துவிட்டு வருகிறார்கள்" – இவைதான் பிரச்சினை. யாருக்கு, எந்த இடத்தில், எந்த வாக்கியத்தில் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் இன்னும் சிறிதாக்குங்கள்.

சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள்

ஒரு நோட்டுப் போதும். ஆள் ‘வயித்துல’ என்று சொன்னால் ‘வயித்துல’ என்றுதான் எழுத வேண்டும், கை தானாக ‘வயிற்றில்’ என்று திருத்தப் பார்க்கும், விடாதீர்கள். ஒலிப்பதிவு செய்வதானால் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், பெயரும் போன் நம்பரும் நோட்டில் வேண்டாம், ‘அறுபது வயது, பெண், திருமங்கலம்’ அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு பழைய உதவி இருக்கிறது. பள்ளியில் வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று மனப்பாடம் செய்தோமே, நன்னூல் சொல்கிற அந்த எட்டு: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. மதிப்பெண்ணுக்குப் படித்து மறந்துவிட்டோம். பரிசோதனை நிலையத்து பெஞ்சில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அசந்துபோவீர்கள். "டீ குடிச்சீங்களா?" என்ற ஒரே கேள்விக்கு எனக்குக் கிடைத்தவை இவை: "குடிக்காம எப்படி வர்றது?" அது வினா எதிர் வினாதல். "தலைவலி தாங்கலப்பா." தனக்கு நேர்ந்ததைச் சொல்வது, உற்றது உரைத்தல். "சீனி போடல." கேட்டதை விட்டு அதோடு சேர்ந்த இன்னொன்றைச் சொல்வது, இனமொழி. மூன்று பேருமே டீ குடித்திருக்கிறார்கள், ஒருவர்கூட ‘ஆமாம்’ என்று சொல்லவில்லை. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் மட்டும் உள்ள படிவத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறவர் ‘சீனி போடல’ என்பதை எந்தக் கட்டத்தில் போடுவார்? பாதி நாள் ‘இல்லை’யில்தான் போடுவார். கணக்கெடுப்பு, மருத்துவமனைப் படிவம், வாடிக்கையாளர் கருத்து எதைத் தயாரிப்பதானாலும் மக்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் கட்டம் போடுங்கள்.

காரணத்தைத் தேடுங்கள், உடனே ‘தாய்மொழிதான் காரணம்’ என்று முடிக்காதீர்கள்

பயிற்சி இல்லாதவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நானும் சறுக்கினேன். ஒத்தக்கடைப் பக்கம் சாயங்காலம் டியூஷன் எடுத்த நாட்களில் பிள்ளைகள் என்ன தவறு செய்தாலும் ‘தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிறார்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மாதத் தவறுகளை நோட்டில் எழுதி மூன்று குவியலாகப் பிரித்தேன்.

முதல் குவியல், அவசரத்தில் வாய் தவறியது. "என்ன சொன்னே?" என்று கேட்டால் பிள்ளையே திருத்திக்கொள்ளும். அதை விட்டுவிடலாம். இந்த வகையையும் உண்மையான அறியாமையால் வரும் பிழையையும் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் பிட் கார்டர் என்ற மொழியியலாளர், 1967இல்.

இரண்டாவது, தமிழிலிருந்து வருவது. "ரவி டோல்ட் தட் ஐ ஆம் கமிங்" என்று ஒரு பையன் சொன்னான். வருவது ரவி. தமிழில் ‘நான் வர்றேன்னு ரவி சொன்னான்’ என்று ஆள் சொன்ன வார்த்தையை அப்படியே வைத்து ‘என்று’ போட்டு மூடிவிடுகிறோம், ‘நான்’ ரவிதான் என்று எல்லாருக்கும் புரியும். அவன் அதைப் பெயர்த்துவிட்டான். ‘இஸ்கூலு’ம் இதே குவியல்தான். மெய்யெழுத்து இரண்டு சேர்ந்து தமிழில் சொல் தொடங்காது. அதனால் வாய் முன்னால் ஓர் இகரத்தைச் சேர்க்கும், இல்லாவிட்டால் முதல் மெய்யைத் தூக்கி எறியும். அதனால்தான் இஸ்கூல், அதனால்தான் ‘டேசன்’. லண்டனை ‘இலண்டன்’ என்று எழுதுகிற புலவரும் இஸ்கூல் என்கிற அப்பத்தாவும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள், ஒருவருக்கு மட்டும் கைதட்டு விழுகிறது.

மூன்றாவது குவியல்தான் என் வாயை அடைத்தது. "ஐ டிட் நாட் வென்ட்." இதில் தமிழ் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. இறந்தகாலத்தை இரண்டு இடத்தில் காட்டுவது ஆங்கிலம் கற்கிற பலமொழிக்காரர்களும் செய்வது, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளும் ஒரு பருவத்தில் இப்படிச் சொல்வதுண்டு. கற்பவர் மனத்தில் தாய்மொழியும் இல்லாத, கற்கும் மொழியும் இல்லாத, தனக்கென்று விதி வைத்திருக்கிற ஒரு மொழி ஓடிக்கொண்டிருக்கிறது என்றார் லாரி செலிங்கர், 1972இல். அதைத்தான் இடைமொழி என்கிறோம். நடைமுறையில் இதனால் என்ன? இரண்டாம் குவியலுக்கு இரண்டு மொழியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். மூன்றாவதற்கு விளக்கம் மட்டும் போதாது, சரியான வாக்கியத்தை நிறையக் கேட்கவும் பேசவும் வைக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்.

ஒன்றை மட்டும் மாற்றி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

பரிசோதனை நிலையத்தில் பலகையை மாற்றினோம். ‘வெறும் வயிறு’ என்ற சொல்லை எடுக்கவில்லை, அது எல்லாருக்கும் தெரிந்த சொல். அடியில் ஒரு வரி சேர்த்தோம்: "டீ, காபி, பால், பிஸ்கட் கூடாது. பச்சைத்தண்ணீர் மட்டும் குடிக்கலாம்." முந்தின நாள் சீட்டுக் கொடுக்கும்போது "புரிஞ்சுதா?" என்று கேட்பதையும் நிறுத்தச் சொன்னேன், அதற்கு எல்லாரும் தலையைத்தான் ஆட்டுவார்கள். அதற்குப் பதிலாக, "நாளைக்குக் காலைல எந்திரிச்சதும் என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க பாப்போம்?" ஒருவர் "பல்ல விளக்கிட்டு, ஒரு இளநி குடிச்சிட்டு வந்துர்றேன்" என்றார். பலகையில் இளநீர் இல்லை! சேர்த்தோம். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பலகையால் பிரயோசனமில்லை, அவர்களுக்கு இந்தத் திருப்பிச் சொல்லல்தான் கைகொடுத்தது.

கருவிகள்

போன் ரெக்கார்டர் தவிர இரண்டு இலவச மென்பொருள்கள். ஒலியைப் படமாகப் பார்க்க ‘பிராட்’. எழுதிய தரவில் எந்தச் சொல் எத்தனை முறை, எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று பார்க்க ‘ஆன்ட்காங்க்’. தமிழுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு: சொல் எது என்று வரையறுக்கும் அமைப்பில் ‘மார்க்’ வகை எழுத்துகளையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் கால், கொம்பு, புள்ளி வரும் இடத்திலெல்லாம் சொல் உடைந்து சிதறும். இன்னொன்று, வீட்டுக்கு, வீட்டுல, வீட்டை எல்லாம் தனித்தனிச் சொல்லாக எண்ணப்படும், அதனால் ‘வீட்டு’ என்று தொடங்கும் எல்லாவற்றையும் சேர்த்துத் தேடுங்கள். நூறு வாக்கியம்தான் இருக்கிறது என்றால் மென்பொருளே வேண்டாம், ஸ்கெட்ச் பேனா போதும்.

வேறு எங்கெல்லாம் உதவும்

இப்போது மதுரையில் ஓட்டல், கட்டட வேலை என்று வடக்கிலிருந்து வந்த தம்பிகள் நிறையப் பேர். அவர்களுக்குத் தமிழ் சொல்லித்தர ஆசைப்படுகிறவர்கள் ‘அவர்கள் வருகிறார்கள்’ என்று தொடங்குகிறார்கள். அவன் காதில் விழுவதோ ‘அவிங்க வாராய்ங்க’. எழுத்துக்கு ஒரு வழக்கும் பேச்சுக்கு ஒரு வழக்குமாக மொழி பிரிந்து நிற்பதை சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் ஒரு கட்டுரையில் விளக்கினார், நாம் அதில்தான் குடியிருக்கிறோம். எனவே முதலில் அவன் வேலை செய்யும் இடத்தில் இரண்டு நாள் நின்று என்ன பேசுகிறார்கள் என்று எழுதுங்கள். ‘அங்கிட்டு வை’, ‘பைய எறக்கு’, ‘சில்லறை இருக்கா’. பாடப்புத்தகம் அப்புறம் வரட்டும். நாம, நாங்க வித்தியாசத்தை மட்டும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’தான். ஒரு தம்பி மேஸ்திரியிடம் "நாளைக்கு நாம ஊருக்குப் போறோம்" என்று சொல்ல, "நான் எதுக்குப்பா ஒங்க ஊருக்கு?" என்று அவர் கேட்டார்.

மகால் பக்கத்து சௌராஷ்டிரர் வீடுகளில் இன்னொரு வேலை இருக்கிறது. வீட்டில் இந்தோ ஆரிய மொழியான சௌராஷ்டிரம், தெருவில் தமிழ். பாட்டி பேரனிடம் எதில் பேசுகிறார், பேரன் எதில் பதில் சொல்கிறான், அண்ணன் தம்பி தங்களுக்குள் எதில் சண்டை போடுகிறார்கள் என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பினாலே மொழி எந்தத் தலைமுறையில் தங்குகிறது, எதில் கழல்கிறது என்று தெரிந்துவிடும். யார், யாரிடம், எப்போது, எந்த மொழியில் என்ற இந்தக் கேள்வியை ஜோஷுவா ஃபிஷ்மன் 1965இல் போட்டார்.

நீதிமன்றத்திலும் இது நுழைந்திருக்கிறது. கொலை வழக்கில் லண்டனில் 1950இல் தூக்கிலிடப்பட்ட டிமதி எவன்ஸ் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலங்களை யான் ஸ்வார்ட்விக் என்ற மொழியியலாளர் ஆராய்ந்து 1968இல் வெளியிட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பகுதிகளின் நடை மற்றப் பகுதிகளின் நடையோடு ஒட்டவில்லை என்று காட்டினார். ‘மேற்படி நபர் மேற்படி இடத்தில்’ என்று வாழ்நாளில் பேசியிராத ஒருவர் பெயரில் அப்படி ஒரு வாக்குமூலம் இருந்தால் நமக்கும் சந்தேகம் வரும்தானே.

முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு: 1966இல் தொடங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை உண்டு, தேனி ரோட்டில் பஸ் பிடித்தால் போய்விடலாம். மைசூரில் 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் மொழியியல் ஒரு பாடம். பேச்சுச் சிகிச்சை செய்ய ஆசை என்றால் மொழியியல் பட்டம் மட்டும் போதாது, அதற்குத் தனிப் படிப்பு, தனிப் பதிவு எல்லாம் உண்டு, சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டு வருத்தப்படாதீர்கள். எம்.ஏ.க்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் நோட்டோடு எங்காவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். அலுப்புத் தட்டினால் இரண்டு வருடம் மிச்சம்.