ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பின் வாந்தி வராமல் சாப்பிடுவது எப்படி?

உடல் எடையைக் குறைக்கச் செய்யும் ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். கையும் வாயும் மட்டும் பழைய வேகத்தை விடாது. வீடு திரும்பியபின் வரும் வாந்திக்குப் பெரும்பாலும் அந்த வேகம்தான் காரணம்.

படி 1: டயட் சார்ட்டை முந்தாதீர்கள்.
முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு மோர், வடிகட்டிய பருப்புத்தண்ணீர், அடுத்து மசித்தது, கடைசியில் குழைவானது. எந்த வாரம் எது என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். உங்களுக்குக் கொடுத்த சார்ட்டை மட்டும் பாருங்கள்.

படி 2: டீஸ்பூனால் சாப்பிடுங்கள்.
ஒரு வாய் எடுத்ததும் ஸ்பூனைக் கீழே வையுங்கள். கூழாகும்வரை மென்று விழுங்கி, ஒரு நிமிடம் கழித்து அடுத்த வாய். சாம்பாரில் ஊறிய இட்லியை மெல்லாமலே இறக்கிப் பழகியவர்களுக்கு இதுதான் பெரிய பாடு. ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகட்டும். நெஞ்சுக்குழியில் இறுக்கம், விக்கல், திடீரென மூக்கில் நீர் வடிவது, இதில் எது வந்தாலும் அத்தோடு நிறுத்துங்கள். “இன்னும் ஒரே ஒரு வாய்” என்று கெஞ்சும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. அந்த ஒரு வாய்தான் வெளியே வரும்.

படி 3: தண்ணீர் வேறு வேளை, சாப்பாடு வேறு வேளை.
சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்தே தண்ணீர். வாந்திக்குப் பயந்து குடிக்காமல் இருக்காதீர்கள், உடம்பில் நீர் வற்றினாலும் குமட்டும். ஒரு நாளில் ஒன்றரை லிட்டராவது மடக்கு மடக்காக உள்ளே போக வேண்டும்.

படி 4: சிக்குவதைத் தள்ளிவையுங்கள்.
பிரெட், ஆறிய சப்பாத்தி, உதிரிச் சாதம், காய்ந்த சிக்கன் வறுவல். சோடாவும் வேண்டாம். ஸ்லீவுக்குப் பதில் எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் இனிப்பிலும் கவனமாக இருங்கள். படபடப்பும் குமட்டலும் சேர்ந்தே வரும்.

அப்படியும் வாந்தி வந்தால், வயிறு அடங்கியபின் ஒருநாள் நீராகாரத்துக்குத் திரும்புங்கள். தண்ணீரே தங்காவிட்டாலோ, ஒருநாளைத் தாண்டியும் வாந்தி நிற்காவிட்டாலோ டாக்டரிடம் போக வேண்டும். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, வாந்தியில் இரத்தம் என்றால் உடனே கிளம்புங்கள்.

நாள்கணக்கில் வாந்தி தொடர்ந்தால் பி1 வைட்டமின் (தயமின்) வற்றி நரம்பு கெடலாம். நடை தள்ளாடலாம், பார்வை இரட்டிக்கலாம். அதனால் எமர்ஜென்சிக்குப் போனதும் முதலில் ஆபரேஷன் விவரத்தைச் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் ஊசி போட வேண்டுமா என்றும் கேளுங்கள்.