ட்ரம்பெட் பழகுறவங்க ஆம்ஸ்ட்ராங்கை எப்படிக் கேட்கணும்?

புதுச்சேரியில பேண்டு செட்டுல ட்ரம்பெட் ஊதுறவன் நான். வில்லியனூர் மாதா தேர், மாப்பிள்ளை அழைப்பு எல்லாத்துக்கும் போவோம். புதுசா வர்ற பசங்களுக்கு அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கைக் கடைசியிலிருந்து முன்னாடி போய்க் கேட்கச் சொல்றேன்.

முதல்ல 'ஹலோ டாலி'. 1964 மே மாசம், பீட்டில்ஸ்ங்கிற பிரிட்டிஷ் பாப் குழு கொடிகட்டிப் பறந்த நேரம். 62 வயசுல அவங்களைக் கீழே தள்ளிட்டு அமெரிக்கப் பாட்டுப் பட்டியல்ல முதலிடம் பிடிச்சார். ஒரு தரம் ரசிச்சுக் கேட்டுட்டு, மறுபடி போட்டு குரலை விட்டுடுங்க, ட்ரம்பெட்டை மட்டும் பிடிங்க. மெட்டை ஒட்டியே ஊதுவார். நம்ம ஆளுங்க ஊர்வலத்துல ரெண்டு நிமிஷம் கிடைச்சா தெரிஞ்ச வித்தையெல்லாம் கொட்டிடுவாங்க, தெருவுல ஒருத்தருக்கும் எந்தப் பாட்டுன்னு புரியாது.

1967-ல வந்த 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' அருமையான பாட்டுதான். ஆனா அதுல பாடுறது மட்டும்தான், நமக்கு வேலை இல்லை.

அடுத்து நேரா 1928-க்குப் போங்க. சிகாகோவுல பதிவான 'வெஸ்ட் எண்ட் புளூஸ்'. அவரை 1922-ல அந்த ஊருக்குக் கூப்பிட்ட குரு கிங் ஆலிவர் போட்ட மெட்டு. தொடக்கத்துல டிரம்ஸ் கிடையாது, பியானோ கிடையாது, ட்ரம்பெட் தனியா வரும். போன்ல வேகத்தைப் பாதியாக்கி, முதல் நாலு ஸ்வரத்தை மட்டும் வாயால பாடுங்க. பாட வந்த பிறகுதான் கருவியைத் தொடணும். இந்த இடத்துல அவசரப்படுறவங்கதான் அதிகம்.

கடைசிப் பகுதியில ஒரே உச்ச ஸ்வரத்தை நாலு பார் (ஒரு பார்னா நாலு தாள அடி) நிறுத்துவார். நம்ம ட்ரம்பெட் கணக்குல அது மேல் சி. எடுத்த எடுப்புல அதுக்குப் போகாதீங்க. நடு ஜி-யில நாலு பார் ஆடாம நிக்கட்டும், அப்புறம் ஒவ்வொரு ஸ்வரமா ஏறுங்க. மூச்சு பத்தலைன்னா மவுத்பீஸை உதட்டுல அழுத்தத் தோணும். அழுத்தினா உதடு செத்துடும். உச்சத்துலயே ஊதி ஊதி அவருக்கே 1930-கள்ல உதடு கிழிஞ்சு, மாசக்கணக்கா வாசிப்பை நிறுத்த வேண்டியதாச்சு. உதடு மரத்துப்போனா அன்னைக்கு அவ்வளவுதான், கருவியை வச்சிடுங்க.

வைக்கும்போது எச்சில் தண்ணியை வடிச்சு, துணியால துடைச்சு, வால்வுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க. குருசுக்குப்பம் பக்கம் வீடுன்னா பெட்டியைத் திறந்தே போடாதீங்க, உப்புக் காத்துல பித்தளை சீக்கிரம் பச்சை பூத்துடும்.