ஆட்டோமேட்டிக் டிரக்கில் இன்ஜினைத் திரும்ப ஏற்றும்போது கன்வெர்ட்டரில் கோட்டை விடாதீர்கள்

இன்ஜினை இறக்க ஒரு நாள் ஆனது. ஏற்றவும் அதே ஒரு நாள் போதும் என்று நினைத்தேன். மூன்று வாரம் இழுத்துவிட்டது. அதில் பாதிக்கு மேல், நானே உடைத்த கியர்பாக்ஸ் பம்பைச் சரிசெய்யப் போனது. அந்தத் தவறு நடந்தது டார்க் கன்வெர்ட்டரில், அதாவது இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வட்டமான உறுப்பில். அந்த இடத்தைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

பின்சக்கர இழுவை உள்ள பழைய பிக்கப். கியர்பாக்ஸ் வண்டியிலேயே இருக்கிறது, இன்ஜின் மட்டும் வெளியே. பேட்டரி கழற்றியாகிவிட்டது, பானெட்டும் இறங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. இன்ஜின் வெளியே இருக்கும்போதே

கிராங்கின் (இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டு) பின்பக்க ஆயில் சீலை மாற்றிவிடுங்கள். பழையது நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மாற்றுங்கள், இன்னொரு முறை அங்கே கை போகாது. ஃபிளெக்ஸ் பிளேட்டில் (கிராங்கின் பின்முனையில் மாட்டி, கன்வெர்ட்டரைச் சுழற்றும் வட்டத் தகடு) போல்ட் ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இன்ஜின் ஸ்டாண்டு பிடித்துக்கொள்வது, பெல் ஹவுசிங்கை (கியர்பாக்ஸின் மணி வடிவ முன்பகுதி) மாட்டும் போல்ட் ஓட்டைகளில்தான். ஆகவே இந்த வேலையெல்லாம் கிரேனில் தொங்கும்போதுதான் செய்ய முடியும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு வரும் வண்டி என்றால், ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கு முன்னால் அதை மாட்டிவிடுங்கள். நான் அதை மறந்து ஃபிளெக்ஸ் பிளேட்டை இரண்டு தடவை மாட்டினேன். இன்ஜின் பிளாக்கின் முகத்தில் இரண்டு டவல் பின்னும் (இரண்டு முகங்களையும் நேராகப் பொருத்தும் முளைகள்) இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

2. கன்வெர்ட்டரை உட்கார வைப்பது

டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸுக்குள் மூன்று இடத்தில் பிடிக்க வேண்டும்: இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன் (தண்டின் மேல் நீளவாக்கில் வெட்டிய பற்கள்), ஸ்டேட்டர் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன், கடைசியாகப் பம்பின் பற்கள். முதல் இரண்டும் பிடித்ததும் உட்கார்ந்துவிட்டது போலவே தோன்றும். நான் ஏமாந்தது அங்கேதான்.

கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் அளவுக்குக் கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றுங்கள். கியர்பாக்ஸின் முன்பக்கத்தில் கன்வெர்ட்டரின் கழுத்து நுழையும் சீலின் உதட்டிலும் கொஞ்சம் தடவுங்கள். பிறகு இரு கையாலும் பிடித்து, உள்ளே தள்ளிக்கொண்டே மெதுவாகச் சுற்றுங்கள். ஒவ்வொரு பிடிப்பிலும் 'டக்' என்று உள்ளே இறங்குவது கையில் தெரியும். பம்பில் இறங்கும் கடைசி 'டக்' வரும்வரை விடாதீர்கள்.

கையை மட்டும் நம்பாமல் அளந்துவிடுங்கள். பெல் ஹவுசிங் முகத்தின் குறுக்கே நேரான இரும்புப் பட்டை ஒன்றை வைத்து, அதிலிருந்து கன்வெர்ட்டரின் போல்ட் மேடை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதேபோல் பிளாக்கின் முகத்திலிருந்து ஃபிளெக்ஸ் பிளேட் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் அளவெடுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரும். சர்வீஸ் மானுவலில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கழித்தல் பூஜ்யமாகவோ மைனஸாகவோ வந்தால் கன்வெர்ட்டர் இன்னும் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

இன்ஜின் நெருங்கும்வரை அது முன்னால் நழுவாமல் இருக்க, குறுக்கே ஒரு பட்டையைப் போல்ட் போட்டு நிறுத்துங்கள். கடைசி நேரத்தில் அதைக் கழற்ற மறக்காதீர்கள்.

3. இன்ஜினை வண்டிக்குள் இறக்குவது

வெறும் செயினில் தொங்கவிட்டு, கோணத்துக்காக ஒருவர் தள்ள ஒருவர் இழுக்க என்று மல்லுக்கட்டாதீர்கள். கைப்பிடியைச் சுற்றினால் சாய்வு மாறும் லெவலர் ஒன்றைக் கிரேனில் மாட்டிக்கொண்டால் பாதி வேலை குறையும். கியர்பாக்ஸின் அடியில் ஜாக்கி வைக்கும்போது ஆயில் தொட்டி நசுங்காமல் நடுவே மரப்பலகை வையுங்கள்.

இரண்டு முகமும் நெருங்கும்போது மேலே, கீழே, இடது, வலது எல்லாப் பக்கமும் இடைவெளி ஒரே அளவில் இருக்க வேண்டும். நடுவே வயர் எதுவும் சிக்கியிருக்கக் கூடாது. சாய்வு சரியாக இருந்தால் இன்ஜினை லேசாக ஆட்டினாலே டவல் பின்கள் உள்ளே போய் முகங்கள் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டவில்லையா? அங்கேயே நிறுத்துங்கள். எனக்கு விரல் அகலத்துக்கு இடைவெளி மிச்சமிருந்தது. 'போல்ட் போட்டு இழுத்தால் வந்துவிடும்' என்று நினைத்தேன். உண்மையில் வந்தது, கூடவே பம்பின் பற்களும் போயின. ஸ்டார்ட் செய்தேன், முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அந்தப் போல்ட்டுகளுக்கு வேலை, ஏற்கெனவே ஒட்டிய முகங்களைப் பிடித்து வைப்பது மட்டும்தான்.

ஒட்டியதும், போல்ட்டுகளை இறுக்குவதற்கு முன்னால், கீழே உள்ள திறப்பு வழியாகக் கன்வெர்ட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், அதற்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே நீங்கள் அளந்த அந்தச் சின்ன இடைவெளியும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

4. கன்வெர்ட்டர் போல்ட்டுகள்

கன்வெர்ட்டரை முன்னால் இழுத்து ஃபிளெக்ஸ் பிளேட்டோடு இணைக்கும் போல்ட்டுகள் இவை. இன்ஜினின் முன்பக்கம் கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான ராட்செட்டைப் போட்டு, இறுக்கும் திசையில் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு போல்ட்டாகப் போடுங்கள். எல்லாவற்றையும் விரலால் ஏற்றிய பிறகே டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ரெஞ்ச்). பழைய போல்ட் தொலைந்துபோய் நீளமான வேறொன்றைப் போட்டால், அதன் நுனி கன்வெர்ட்டரின் மூடியை உள்ளே அமுக்கிவிடும். இங்கே இம்பாக்ட் கன் வேண்டவே வேண்டாம். சாக்கெட்டும் ஆறு முனை உள்ளதையே எடுங்கள், பன்னிரண்டு முனை சாக்கெட் போல்ட் தலையை மழுக்கிவிடும்.

5. மற்றவை

மவுண்டிங், சைலன்சர் குழாய், ஸ்டார்ட்டர், ரேடியேட்டர் எல்லாம் நீங்கள் கழற்றிய வரிசைக்குத் தலைகீழ், அவ்வளவுதான். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே போகும் எர்த் வயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் ஸ்டார்ட்டரின் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போக வழி தேடும், கேபிள் சூடாகிப் பொசுங்கும். சில பழைய கியர்பாக்ஸ்களில் ஆக்ஸிலரேட்டரோடு இணைந்த இன்னொரு கேபிள்தான் உள்ளே ஆயில் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் கிளட்ச் தகடுகள் கருகிவிடும்.

6. ஸ்டார்ட்

இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, ஆயில் அழுத்தம் காட்டும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரிலும் ஒரு சுற்று போய் வாருங்கள். கன்வெர்ட்டர் நிறையவே குடிக்கும், அதனால் கியர்பாக்ஸ் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். ஊற்றிக்கொண்டே இருங்கள். சூடான பிறகு, இன்ஜின் ஓடும்போதே குச்சியில் அளவு பாருங்கள். பல வண்டிகளில் பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும், சிலவற்றில் நியூட்ரலில்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவருக்கு முகங்கள் அழகாக ஒட்டின, கன்வெர்ட்டரும் தாராளமாகச் சுற்றியது. ஆனால் ஃபிளெக்ஸ் பிளேட்டை நோக்கி முன்னால் வர மறுத்தது. கிராங்கின் பின்முனைக் குழியில் துரு ஏறியிருந்ததுதான் காரணம். கன்வெர்ட்டரின் முன்மூக்கு அந்தக் குழிக்குள்தான் உட்கார வேண்டும். நான் அதை எழுதாமல் விட்டுவிட்டேன். இரண்டாம் படிக்கு முன்னாலேயே மெல்லிய உப்புத்தாளால் அதைத் தேய்த்து, துளி கிரீஸ் தடவி வையுங்கள்.