மானாவாரி நெல்லா? முதல்ல ஒரு குட்டைய வெட்டுங்க

ராமநாதபுரம் பக்கம் புழுதி விதைப்பு (மழைக்கு முன்னாடியே காஞ்ச மண்ணுல விதைக்கிறது) போடுற வீடுகளுக்கு இப்ப பெரிய தலவலி என்னன்னா, வடகிழக்கு மழை ரெண்டு நாள்ல மொத்தமா கொட்டிட்டு அப்புறம் வாரக்கணக்குல எட்டியே பாக்காது, பயிரு பொதி கட்டுற (தண்டுக்குள்ள கதிரு உருவாகுற) நேரத்துல காஞ்சா பதருதான் மிஞ்சும். அந்த நேரத்துல ஒரே ஒரு தண்ணி குடுத்தா பொழச்சிக்கும். அதனால காசு கைல இருந்தா முதல்ல பண்ணைக்குட்டை, மத்ததெல்லாம் அப்புறம்.

நிலத்துல பள்ளமான மூலையா பாத்து வெட்டுங்க. 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம், கரைய செங்குத்தா விடாம சரிவா எடுத்தா சுமாரா 5 லட்சம் லிட்டர் நிக்கும். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் தண்ணி கட்ட 2 லட்சம் லிட்டர் ஆகும், வெயில்ல போறது மண்ணுல ஊறுறது போக ஒரு தண்ணிக்காவது மிஞ்சணும். களிமண்ணா இருந்தா நிக்கும், மணல்பாங்குன்னா ஷீட் விரிக்காம வெட்டாதீங்க, வேஸ்ட். பத்து சென்ட் நிலம் போச்சேன்னு வீட்ல பெருசுங்க முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும். தண்ணி உள்ள வர்ற வாய்ல முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி போட்ருங்க, வண்டல் அங்கயே தங்கிரும், கோடைல அள்ளி வயலுக்கே அடிச்சிக்கலாம். அதிகப்படி தண்ணி வெளிய போற இடத்துல கல்லு பதிக்கலன்னா முதல் பெருமழைலயே கரை அத்துக்கும்.

கடன வாங்கி போர் போடலாம்னு யாராவது ஆச காட்டுனா யோசிங்க, இங்க பல இடத்துல கெடைக்கிறது உப்புத்தண்ணிதான்.

விதைக்கு அண்ணா 4 பாருங்க, பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்துல 2009ல வந்த ரகம், 100லேருந்து 105 நாள்ல அறுத்துரலாம், வறட்சி தாங்கும். விதைக்கிறதுக்கு முன்னாடி லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைச்சி, கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கணக்குல 16 மணி நேரம் ஊற வச்சி, ஊற வைக்கிறதுக்கு முன்னாடி இருந்த காய்ச்சல் வர்ற வரைக்கும் நிழல்ல உலத்திருங்க. வெயில்ல கொட்டிராதீங்க ப்ளீஸ்.

அப்புறம் பயிர் இன்சூரன்ஸ். சம்பா நெல்லுக்கு நம்ம கட்டுற பிரீமியம் காப்பீட்டுத் தொகைல ஒன்றரை சதவீதம்தான். ஆனா வறட்சிக்கு ஏரியா சராசரி மகசூல வச்சித்தான் பணம், உங்க வயல் மட்டும் காஞ்சா வராது, அதுக்குத்தான் நாலு ஆடாவது வீட்ல நிக்கணும்னு சொல்றது. அடங்கல (எந்த நிலத்துல என்ன பயிருன்னு காட்டுற சான்று) வி.ஏ.ஓ.கிட்ட முன்னாடியே வாங்கி வச்சிக்கோங்க, கடைசி நாள்ல போனா சர்வர் படுத்துரும். ரசீதுல சர்வே நம்பர், பேங்க் கணக்கு நம்பர் ரெண்டையும் பிரீமியம் கட்டுற கவுன்ட்டர்ல நின்னே சரிபாருங்க, ஒரு நம்பர் மாறுனாலும் பணம் வர்றப்ப அலையணும்.