பாயில் உருவப்படம்: பழைய செப்புத்தகட்டு அச்சா, நகலா?

கார்க் பிரபுவின் மகனான விஞ்ஞானி ராபர்ட் பாயில், ராபர்ட் ஹூக் என்ற உதவியாளரைச் சம்பளத்துக்கு வைத்துக் காற்றிறைப்பான் (கலத்திலிருந்து காற்றை வெளியேற்றும் கருவி) செய்வித்தவர். வில்லியம் ஃபெய்தோர்ன் 1664-இல் செதுக்கிய அவர் படத்தின் பின்னணியில் அந்தக் கருவியும் நிற்கும்.

உங்களிடம் உள்ள பிரதி பழைய அச்சா என்று அறிய, முதலில் சட்டத்தைக் கழற்றுங்கள். கண்ணாடி வழியே பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. 10 மடங்கு லென்ஸில் அங்கியின் நிழலைப் பாருங்கள். முகம் வேண்டாம், அங்கே செதுக்குபவர்களே புள்ளி வைப்பதுண்டு, குழப்பிவிடும். கோடு நடுவில் தடித்து முனையில் ஊசியாக ஒடுங்கினால் அது தகட்டில் கையால் செதுக்கிய உளிவேலை. அங்கியிலும் சீரான இடைவெளியில் புள்ளிகளா? இயந்திர நகல்தான், மேலே பார்க்க வேண்டியதில்லை.

பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துத் அச்சிடும்போது தகட்டு விளிம்பு தாளில் அழுத்திய பள்ளத்தைத் தேடுங்கள். ஓரம் வெட்டிய பிரதியில் அது இருக்காது. அதற்காகவே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். கடைசியாகத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 2–3 செ.மீ. இடைவெளியில் கம்பிக்கோடுகள் (தாள் செய்யும் சல்லடையின் கம்பிகள் பதித்த தடங்கள்) தெரிய வேண்டும். கோடே இல்லாத தாள் 1750-களுக்குப் பிந்தையது: தகடு பழையதாக இருந்தாலும் அச்சு பழையதல்ல.