நெல்லையில் உட்கார்ந்து செப்பாங் ரேஸ் பார்ப்பது எப்படி? மோட்டோஜிபிக்குப் புதுசா வர்றவங்களுக்கு

"ஞாயித்துக்கெழம ரேஸ் எத்தன மணிக்குலே?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு மெக்கானிக் கடையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மோட்டோஜிபி என்கிற உலக பைக் ரேஸ் பார்க்கிறோம். ஒவ்வொரு வருஷமும் புதுசாக ரெண்டு பேர் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார்கள். "இப்ப யாருக்கும் யாருக்கும்ல போட்டி?" என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து கதை சொல்லி முடிப்பதற்குள் நாலு சுற்று ஓடிப்போகும்.

அதனால் நீங்கள் வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள். பழகுவதற்கு மலேசியாவின் செப்பாங் ரேஸ் தோதானது. காரணம் நேரம்.

படி 1: கடிகாரத்தைச் சரி பண்ணுங்க

ஐரோப்பாவில் நடக்கிற ரேஸ் பெரும்பாலும் நமக்குச் சாயங்காலம் 5.30. ஜப்பான் என்றால் காலையிலேயே முடிந்துவிடும். அமெரிக்காவின் ஆஸ்டின் நடுராத்திரி தாண்டிவிடும். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே மதியம் 3 மணி என்றால் இங்கே 12.30, சாப்பாட்டு நேரம். நான் முதல்முறை செப்பாங் பார்க்க உட்கார்ந்தது 5.30 மணிக்கு. கோப்பை கொடுத்து, ஷாம்பெய்ன் அடித்து, துடைத்துப் பெருக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒளிபரப்பு உரிமை இந்தியாவில் அடிக்கடி கைமாறுகிறது. அந்தந்த சீசனில் யாரிடம் இருக்கிறது என்று வியாழக்கிழமையே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் கரண்ட் போகும், ஒரு போனில் டேட்டாவை மிச்சம் வையுங்கள்.

படி 2: ரெண்டு பேரைப் பிடிங்க

மொத்தம் 22 பேர் ஓட்டுகிறார்கள். டுகாட்டி, கேடிஎம், ஏப்ரிலியா, யமஹா, ஹோண்டா என்று அஞ்சு கம்பெனி. எல்லாரையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். முன்னால் ஓடுகிற ஒருத்தரைப் பிடியுங்கள். கூடவே பத்தாவது, பன்னிரண்டாவது இடத்தில் தத்தளிக்கிற ஒருத்தரையும் பிடியுங்கள். எல்லாரும் மார்க் மார்க்கெஸைப் பிடிப்பார்கள். 2025-ல் மோட்டோஜிபி பிரிவில் ஏழாவது பட்டத்தை எடுத்த மனிதர், தப்பில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் உங்களை நாற்காலி நுனிக்குக் கொண்டுவரப் போவது அந்தப் பத்தாம் இடத்துக்காரர்தான்.

படி 3: வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிஷம்

காலைப் பயிற்சியை விட்டுவிடலாம். மதியம் நடக்கிற ஒரு மணி நேரப் பயிற்சியில்தான் விஷயம் இருக்கிறது. அதில் முதல் பத்து இடத்துக்குள் வந்தவர்கள் சனிக்கிழமை நேராக, முன்வரிசையில் யார் நிற்பது என்று முடிவு பண்ணுகிற இரண்டாம் தகுதிச்சுற்றுக்குப் போவார்கள். மிச்சப் பேர் முதல் தகுதிச்சுற்றில் முட்டி மோதி, ரெண்டே பேர் மேலே வர வேண்டும். அதனால் கடைசிப் பத்து நிமிஷத்தில் எல்லாரும் நல்ல பிடிமானம் தருகிற புது சாஃப்ட் டயர் மாட்டிக்கொண்டு பாய்வார்கள்.

திரையில் நிறத்தைப் பாருங்கள். டிராக்கை நாலு துண்டாகப் பிரித்து நேரம் காட்டுவார்கள். சிவப்பு விழுந்தால் அந்தத் துண்டில் அதுவரைக்கும் யாரும் அவ்வளவு வேகமாகப் போகவில்லை என்று அர்த்தம். ஆரஞ்சு என்றால் அவருடைய சொந்தச் சிறந்த நேரம். ஃபார்முலா ஒன் பார்த்துப் பழகியவர்கள் ஊதாவைத் தேடிக்கொண்டிருப்பார்கள், இங்கே அது கிடையாது. மூணு துண்டும் சிவப்பாக வந்து, நாலாவதில் எவனாவது விழுந்து மஞ்சள் கொடி வந்தால் அந்தச் சுற்று செல்லாது. அப்போது கடையில் விழுகிற வசவை இங்கே எழுத முடியாது.

படி 4: சனிக்கிழமையைத் தவற விடாதீங்க

காலையில் பதினைந்து பதினைந்து நிமிஷமாக ரெண்டு தகுதிச்சுற்று. மதியம் ஸ்பிரின்ட். 2023-ல் வந்த வழக்கம் இது. ஞாயிறு ரேஸில் பாதித் தூரம், கிட்டத்தட்ட பாதிப் புள்ளி. ஞாயிறு ஜெயித்தால் 25, ஸ்பிரின்ட் ஜெயித்தால் 12. "பாதிப் புள்ளிதானே" என்று எங்கள் கூட்டத்திலும் சில பேர் அலட்சியமாக இருந்தார்கள். 2024 வரைக்கும்தான்.

அந்த வருஷம் தீபாவளிக்கு ரெண்டு நாள் கழித்து செப்பாங் ஸ்பிரின்ட். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லேத் பக்கத்தில் டிவியை வைத்துப் பார்த்தோம். பட்டத்துக்கு ரெண்டு பேர்: ஹோர்ஹே மார்ட்டின், பெக்கோ பான்யாயா. மார்ட்டின் 17 புள்ளி முன்னால் இருந்தார். ஆரம்பச் சுற்றுகளிலேயே ரெண்டாவது இடத்தில் துரத்திக்கொண்டிருந்த பான்யாயாவுக்கு முன்சக்கரம் மடங்கியது. பைக் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மார்ட்டின் ஜெயித்தார், இடைவெளி 29 ஆனது.

மறுநாள் ரெண்டு பேரும் தொடக்கச் சுற்றுகளில் மாறி மாறி முந்தியது இன்னும் கண்ணுக்குள்ளே நிற்கிறது. பான்யாயாதான் ஜெயித்தார், ஆனாலும் இடைவெளியில் அஞ்சு புள்ளிதான் குறைந்தது. அந்த சீசனில் அவர் ஞாயிற்றுக்கிழமை ரேஸ் 11 ஜெயித்தார், மார்ட்டின் மூணே மூணு. பட்டம் மார்ட்டினுக்கு, 10 புள்ளி வித்தியாசத்தில். சனிக்கிழமை கணக்கைத் தள்ளிவிட்டு இதை யாருக்கும் விளக்க முடியாது.

படி 5: அல்வாப் பந்தயம்

காசு வேண்டாம், சண்டை வரும். தோற்றவர் கால் கிலோ அல்வா வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஜெயிப்பது யார் என்று கட்டாதீர்கள், சப்பென்று போய்விடும். நீங்கள் பிடித்த பத்தாம் இடத்துக்காரர் எந்த இடத்தில் முடிப்பார் என்று சனிக்கிழமை ராத்திரிக்குள் எழுதிக் கொடுங்கள். கிட்டத்தில் வந்தவர் ஜெயித்தார்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் கூட்டத்தில் கடையநல்லூர்க்காரன் ஒருத்தன், அவன் மாமா மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறார். ஞாயிறு காலையில் வாய்ஸ் மெசேஜ் வந்தது: "மாப்ள, இங்க கொட்டோ கொட்டுன்னு கொட்டுது." மழையில் நன்றாக ஓட்டுகிறவரைப் பார்த்து எல்லாரும் பந்தயத்தை மாற்றிக்கொண்டோம். செப்பாங்கில் பளீரென்று வெயில். ஊர் வேறு, மழை வேறு.

படி 6: ஞாயிறு

மோட்டோ3, மோட்டோ2 என்கிற சின்ன பைக் ரேஸ்கள் முடிந்துதான் பெரிய ரேஸ். சிவப்பு விளக்கு அணைந்து ரேஸ் கிளம்புவதற்கு முன்னால் பைக்குகளின் பின்பக்கத்தைப் பாருங்கள், நெல் மூட்டை ஏத்தின மாதிரி தாழ்ந்து கிடக்கும். கிளம்பும்போது முன்சக்கரம் தூக்காமல் இருக்க அப்படி ஒரு கருவி. செப்பாங்கில் கண் வைக்க வேண்டிய இடம் கடைசி வளைவு, பதினைந்தாவது. நீளமான நேர்ப்பாதை முடிகிற இடத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு, அது திரும்பினால் இன்னொரு நேர்ப்பாதை, அதன் முடிவில் முதல் வளைவு. இங்கே முந்தினவன் அங்கே பறிகொடுப்பான்.

பிரேக் பிடிக்கும்போது உள்பக்கக் காலை வெளியே தொங்கவிடுவார்கள். "என்னல, நிறுத்தப் போறானா?" என்று புதுசாக வந்த தம்பி கேட்டான். கடை அண்ணாச்சி ஸ்பேனரைக் கீழே வைக்காமலே, "காத்தத் தடுக்கான், வெயிட்ட மாத்துதான். நீ ரோட்டுல செஞ்சேன்னா காலு இருக்காது" என்றார். 2005 வாக்கில் வாலன்டினோ ரோஸி ஆரம்பித்து வைத்த பழக்கம் அது. ஏன் பலன் தருகிறது என்பதற்கு ஓட்டுகிறவர்களே ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள்.

பாதியில் மழை வந்து வெள்ளைக் கொடி காட்டினால், பைக்குகளை நிறுத்தி வைக்கிற பிட்டுக்குள் வந்து மழை டயர் மாட்டின இன்னொரு பைக்கில் தாவலாம். எப்போது வருவது என்பது ஓட்டுகிறவர் முடிவு. அப்போது மட்டும் பேசாமல் பாருங்கள். இன்னொரு விதி: போனில் லைவ் டைமிங் வைத்திருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. டிவி அரை நிமிஷம் பின்னால் ஓடுகிறது, "விழுந்துட்டான்லே" என்று முன்கூட்டியே கத்தினால் அவரும் ஒரு கால் கிலோ வாங்க வேண்டும்.

ரேஸ் முடிந்ததும் அல்வாவுக்கு ஓடாதீர்கள். முன் டயரில் காற்றழுத்தம் விதித்த அளவுக்குக் கீழே இருந்தால் 16 விநாடி தண்டனை. 2025 கத்தாரில் மாவெரிக் வின்யாலெஸ் ரெண்டாவதாக வந்தார். எங்களில் ஒருத்தன் அவரை நம்பிக் கட்டி, முதல்நாளே வாங்கி வைத்திருந்த அல்வாவைப் பிரித்துத் தின்றே முடித்துவிட்டான். அப்புறம் தண்டனை வந்து வின்யாலெஸ் 14-வது இடத்துக்குப் போனார். தின்ற அல்வாவை என்ன செய்ய? செப்பாங்கில் அந்தக் கவலை இல்லை. ரேஸ் ஒன்றேகால் மணி வாக்கில் முடிகிறது, இருட்டுக்கடை திறப்பது சாயங்காலம்தான்.