‘தொடாதீங்க’ என்பதை ஸ்பானிஷில் சொல்வது எப்படி?

ஊட்டி, கொடைக்கானலில் ஸ்பானிஷ்காரர்களைச் சுற்றிக் காட்டுகிறவர்களுக்கு ‘வாங்க’வை விட ‘வேண்டாம்’தான் அதிகம் தேவைப்படும். குரங்குக்குத் தீனி போடாதீங்க, காட்டுமாட்டுக்குக் கிட்டே போகாதீங்க.

‘தோக்கா’ என்றால் தொடு. அதன் முன்னால் ‘நோ’ போட்டால் தொடாதே ஆகிவிடாது. ‘நோ தோக்கா’ என்றால் ‘அவர் தொடுவதில்லை’. நம் ‘தொடு’, ‘தொடாதே’ ஆகும்போது வால் மாறுகிறதல்லவா? இங்கும் மாற வேண்டும்: ‘நோ தோக்கேஸ்’.

வினையின் ‘நான்’ வடிவத்தை எடுங்கள்: தோக்கோ, தொடுகிறேன். கடைசி ‘ஓ’வைக் கழற்றுங்கள். அகராதியில் ‘ஆர்’ என முடியும் வினைக்கு ‘ஏ’ சேரும். ‘ஏர்’, ‘ஈர்’ வினைகளுக்கு ‘ஆ’. நீ என்றால் மேலே ஒரு ‘ஸ்’, பலர் என்றால் ‘ன்’, மரியாதையாக ஒருவர் என்றால் ஒன்றும் வேண்டாம். நோ தோக்கேஸ், நோ தோக்கென், நோ தோக்கே. சாப்பிடுவதற்கு (கொமேர்): நோ கோமாஸ், நோ கோமன், நோ கோமா.

‘நான்’ வடிவத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வெளியே போவது ‘சாலீர்’. ‘நான்’ வடிவம் ‘சால்கோ’. இரவில் ரோட்டில் காட்டுமாடு நிற்கும் ஊரில் ‘நோ சால்கன் தே நோச்சே’ (இரவில் வெளியே போகாதீங்க) அவசியம். அந்தக் ‘க’வை விழுங்கி ‘நோ சாலன்’ என்றால், ‘அவர்கள் உப்புப் போடுவதில்லை’ என்று அர்த்தமாகிவிடும்.

விதிக்கு அடங்காதவை ஆறு: தார், எஸ்தார், அபேர், ஈர், சபேர், சேர். நமக்கு அன்றாடம் வேண்டியது இரண்டு: தார் (கொடு), ஈர் (போ). ‘நோ லெஸ் தென் கொமீதா’, அதுகளுக்குத் தீனி கொடுக்காதீங்க. ‘நோ வாயன் சோலோஸ்’, தனியாகப் போகாதீங்க.

‘அதை’, ‘அதுகளுக்கு’ போன்ற சொற்கள் ஏவும்போது வினையின் வாலில் ஒட்டும், தடுக்கும்போது முன்னால் வரும்: ‘தோக்கெலோ’ (அதைத் தொடுங்க), ‘நோ லோ தோக்கே’ (அதைத் தொடாதீங்க). இதில்தான் நாக்கு தடுக்கும், தனியாகப் பழகுங்கள்.

வால் மாறும் தொல்லை ‘நீ’யில்தான். மரியாதை வடிவத்தில் ஏவலும் தடையும் ஒன்றே: தோக்கே, நோ தோக்கே. ஆகவே விருந்தினரிடம் பேச அதையும் ‘ன்’ வடிவத்தையும் மட்டும் படித்தால் போதும். ஸ்பெயினில் நண்பர் கூட்டத்துக்கு ‘நோ தோக்கெயிஸ்’ என்பார்கள். நீங்கள் ‘ன்’ சொன்னால் கூடுதல் மரியாதை, அவ்வளவுதான். லத்தீன் அமெரிக்காவில் எல்லாருக்குமே ‘ன்’தான்.

பலகை எழுதுவதானால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். அகராதி வடிவத்துக்கு முன் ‘நோ’ போட்டாலே சரி: ‘நோ தோக்கார்’ (தொடாதீர்), ‘நோ ஃபுமார்’ (புகைக்காதீர்).